தாழ்ப்பாள் உன் பக்கமே இருக்கட்டும்

ஏசுபாதத்துக்கு இந்த உலகத்தில் சரிசெய்ய முடியாத பழுது என்று ஒன்று கிடையாது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பம்புகளோடும் வால்வுகளோடும் முப்பது வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். எங்கே ஒழுகுகிறது என்று பார், ஏன் ஒழுகுகிறது என்று கேள், அந்தக் காரணத்தை எடுத்துவிடு, அவ்வளவுதான். வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலும் இதே வழிதான். சபையில் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தாலும் இதே வழிதான். நல்ல வழிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் எதிராளி சொல்லுகிற காரணம்தான் உண்மையான காரணம் என்று நம்பினார் பாருங்கள், அங்கேதான் மனுஷன் கவிழ்ந்தார்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நட்டு, களையெடுத்து, அறுத்தவர்கள். சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. ஐ.டி.ஐ. முடித்து ஏசுபாதம் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் முசிறிப் பக்கத்திலிருந்து ரவிச்சந்திரன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரே பேட்ச், ஒரே ஷிப்ட், ஒரே ஸ்டாஃப் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கல்யாணமான பிறகு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலும் அடுத்தடுத்த வீடு. அங்கே வீடு கொடுப்பது கிரேடைப் பார்த்து. நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

ஏசுபாதத்தின் மனைவி சாராளுக்கு ஆபரேஷன் செய்தபோது ரத்தம் கொடுத்தது ரவி. ரவியின் மகள் ஹரிப்ரியாவுக்கு சைக்கிள் பழக்கிவிட்டது ஏசுபாதம். ரவியின் அப்பா இறந்தபோது முசிறிக்குக் கூடவே போய், காரியம் முடிகிற வரைக்கும் வெளியே பந்தல் வேலை, சாமான் வேலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். கூடப் பிறந்தவன் இருந்தால்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான் என்று ரவி கண் கலங்கியதை ஏசுபாதம் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே. திருப்போரூருக்கு அப்பால் புதிதாகப் போட்டிருந்த மனைகளில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மனையாகப் பார்த்து வாங்கினார்கள். இரண்டு மனைக்கும் நடுவில் ஏரிக்குப் போகிற ஒரு மழைத்தண்ணி வாய்க்கால். அதை மூடக் கூடாது என்று இருந்ததால் மற்றவர்கள் அந்த மனைகளை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள். ரவிதான் அதைப் பார்த்துவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்து சொன்னார்:

"வாய்க்கா நமக்கு நல்லதுதான் ஏசு. நடுவுல சுவரே வேணாம். ரெண்டு தோட்டத்தையும் ஒண்ணா விட்டுட்டு, குறுக்க அழகா ஒரு சின்ன பாலம் போட்டுக்குவோம். சாயங்காலமானா நீ இந்தப் பக்கம் வா, இல்லன்னா நான் அந்தப் பக்கம் வர்றேன். வேற என்ன வேணும் நமக்கு?"

சொன்னது ரவிதான். இதை யாரும் மறந்துவிடக் கூடாது. ஏசுபாதம் வீட்டை எங்கே வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம்; சாராளின் அண்ணன் செங்கல்பட்டிலேயே இடம் பார்த்து வைத்திருந்தார். அந்தப் பாலத்துக்காகத்தான் இங்கே வந்தார். மீதி இருக்கிற வயசை ரவியோடு பேசியே கழித்துவிடலாம் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை, வேறு ஆசையே கிடையாது.

இரண்டு வீடும் எழுந்தன. குடிவந்து சாமான்களைப் பிரித்து அடுக்கிய கையோடு, ஏசுபாதம் ரவியைக் கிளப்பிக்கொண்டு மாமல்லபுரம் போனார். சாலையோரம் வரிசையாகக் கல் பட்டறைகள். புத்தர் தலை, பிள்ளையார், தாமரைத் தொட்டி, ரிசார்ட்டுகளுக்குப் போகிற நீரூற்று என்று வெயிலில் கிடந்தன. சுப்பிரமணி என்பவரின் பட்டறையில், கற்தூசி படிந்து கிடந்த ஒரு பாலத்தைக் கண்டதும் ஏசுபாதம் நின்றுவிட்டார். லேசாக வளைந்த கருங்கல் பாலம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர், அதில் அன்னம் செதுக்கியிருந்தது.

"இதெல்லாம் ரிசார்ட்டுக்குத்தான் சார் போவுது. வூட்டுக்குன்னு கேட்டுக்கினு வந்தது நீங்க ரெண்டு பேருதான்" என்றார் சுப்பிரமணி. "ஏறி நின்னு பாருங்க. யானை நின்னாலும் தாங்கும்."

இருவரும் ஏறி நின்றார்கள். ரவி, ஏசுபாதத்தின் தோளில் கை போட்டுக்கொண்டார். சின்னப் பையன்கள் மாதிரி ஒரு குதி குதித்தும் பார்த்தார்கள். அன்றைக்கு வீடு திரும்பும்போது ஏசுபாதத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சந்தோஷம்.

நாலு நாள் கழித்து ரவி தெருப் பக்கமாக நடந்து வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"கல்லு வேணாம்னு தோணுது ஏசு. ஒரு தடவ போட்டுட்டா அப்புறம் எடுக்க முடியாது பாரு."

எதற்கப்பா எடுக்க வேண்டும்? வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கேட்டிருப்பார்கள். ஏசுபாதம் கேட்கவில்லை. கல் கனம், எடுக்க முடியாது, ஆக மரம் போதும் என்று கணக்குப் போட்டார். அடுத்த வாரமே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தோட்டச் சாமான் விற்கிற கடையில் மரப்பாலம் ஒன்றைப் பார்த்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சிவப்புப் பெயின்ட் அடித்து, வில்லாக வளைந்திருந்தது. ரவியின் மனைவி ராஜம் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு ஏசு சார். மழையில வழுக்கும். மரத்த செல்லு வேற அரிக்கும்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் ராஜம் அவரை அண்ணா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எப்போதும் சார்தான். மரியாதை தெரிந்த பெண் என்று ஏசுபாதம் அதற்கும் சந்தோஷப்பட்டுக்கொள்வார். சாராள் அப்படி எடுத்துக்கொண்டதில்லை.

"அவுங்களுக்குப் பாலமே வேணாம். பிடிக்கலன்னு சொல்ல வாய் வரல. உனுக்கு இன்னும் புரியலியா?" என்றாள் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"நீ சும்மா கெட. வழுக்கும்னு சொன்னாங்க, அது நெசந்தானே? ராஜத்துக்கு முட்டி வலி வேற கீது. சமமா, வழுக்காத மாதிரி ஒண்ணு பாத்துட்டா முடிஞ்சிது."

"இன்னாத்த முடிஞ்சிது" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வழுக்காத இரும்புப் பாலமாகச் செய்துகொள்ளலாம் என்று ஏசுபாதம் போய்ச் சொன்னபோது ரவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பாலம் எதுவா இருந்தாலும் சரி ஏசு. இடம்தான் உதைக்குது. அக்னி மூலையில வருதாம். ராஜத்துக்கு வாஸ்துல நம்பிக்கை ஜாஸ்தி. உனக்குத்தான் தெரியுமே."

தெரியாது. டவுன்ஷிப்பில் இருந்த காலமெல்லாம் ராஜம் வாஸ்து என்று ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. ஆனாலும் காரணம் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டதே! நேரே திருப்போரூருக்குப் போய், கோயில் தெருவில் மாடியில் பலகை மாட்டியிருந்த வாஸ்து ராஜாராமைப் பார்த்தார். சபைக் கமிட்டியில் இருக்கிற மனுஷன், இரண்டு வீட்டு வரைபடத்தையும் விரித்து வைத்துக்கொண்டு வாஸ்துக்காரர் முன்னால் கைகட்டி உட்கார்ந்தார். ராஜாராம், அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த ஜெப அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தென்கிழக்குல வேணாம், வடகிழக்குக்குத் தள்ளிடுங்க. ரெண்டு வூட்டுக்கும் யோகம்" என்றார்.

வடகிழக்குக்குத் தள்ள வேண்டுமென்றால், ஏசுபாதத்தின் பக்கம் அந்த மூலையில் சாராள் ஆசையாகப் போடச் சொன்ன துவைக்கிற கல் இருந்தது. ஆளை வைத்து அதைப் பெயர்த்துப் போட்டார். சாராளுக்கு வந்ததே கோபம்!

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல சங்கீதம் படிக்கிறது, திங்கக்கெழம வாஸ்துக்காரன் வூட்டு மாடிப்படி ஏறுறது. ஆண்டவருக்கே அடுக்காது. இதுல என் கல்லையும் பேத்துட்ட. நீ என்னிக்காவது எனுக்காக இப்டி அலைஞ்சிருக்கியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையிலேயே அலைந்ததில்லை.

வடகிழக்கு சரி என்று ராஜாராமே சொல்லிவிட்ட சேதியோடு போனால், ரவி இன்னும் கொஞ்சம் தொய்ந்துபோனார். "அந்த மூலையில எங்க பூஜை ரூம் ஜன்னல் இருக்கே ஏசு."

"தட்டி கட்டிட்டா மறைஞ்சிடும்பா."

"பாலம்னு ஒண்ணு இருந்தா எவன் வேணா உள்ள வந்துடுவான். தோட்டத்துப் பக்கம் திருட்டு பயம் வேற…"

திருட்டு பயம்! ஏசுபாதத்தின் முகம் பளிச்சென்று ஆனது. இதைவிட லேசான பழுது உண்டா? "பாலத்துல ஒரு சின்ன கேட் வெச்சிடலாம் ரவி. தாப்பா உன் பக்கமே இருக்கட்டும். நீ தொறந்தா நான் வர்றேன், தொறக்கலன்னா வரல. சரிதானே?"

ரவி என்னமோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு, "பாக்கலாம்" என்றார்.

பாக்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பொண்ணு பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வது, கடன் கேட்டால் சொல்வது, எல்லாம் இந்த ஒரே வார்த்தைதான். ஏசுபாதத்துக்கு அது சம்மதமாகக் கேட்டது. செங்கல்பட்டில் ஒரு பட்டறையில் இரும்புப் பாலத்துக்குச் சொல்லிவிட்டார். படி இல்லாமல் சமதளம், கால் வழுக்காமல் இருக்கக் கீறல் போட்ட தகடு, இரண்டு பக்கமும் கொடியும் பூவுமாக வளைத்த கம்பி, ராஜம் பிடித்துக்கொள்ள வாகான உயரத்தில் கைப்பிடி. அந்தப் பக்க முனையில் சின்னக் கேட், அதற்கு உள்தாழ்ப்பாள். தாழ்ப்பாளை வெளியிலிருந்து கைவிட்டுத் திறக்க முடியாதபடி வைக்கச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதைச் சாராளிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னார். அவள் கத்தவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பன் அவுங்க மாதிரி ஆளுங்க வாசல்ல நின்னாரு, வேற போக்கு இல்ல. உனுக்கு இன்னா வந்துச்சி? சம்பாரிச்சு, சொந்த வூடு கட்டி, தாப்பாளையும் நீயே செஞ்சி அவுங்க கையில குடுக்கிறியே."

"எல்லாத்தையும் அப்டிப் பாக்காத சாரா. ரவி அப்டிப்பட்டவன் இல்ல. உனுக்கு ரத்தம் குடுத்தவன்" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. அவருக்கே கேட்டது.

பாலம் தயாராகிவிட்டது என்று போன் வந்தது. குட்டியானை சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு காலையிலேயே போய், பாலத்தை ஏற்றிக் கயிறு கட்டி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திரும்பினார். வழியெல்லாம் டிரைவரிடம் ரவியைப் பற்றித்தான் பேச்சு. சொல்லாமல் கொண்டுபோய் இறக்கினால் அசந்துபோவான் என்றார். இறக்கிவிட்டுப் போகும்போது நாஸ்தாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று டிரைவரையும் அழைத்துவைத்தார்.

வண்டி தெருவுக்குள் திரும்பியபோது ரவி வீட்டு வாசலில் ஹாலோ பிளாக் கற்கள் குவிந்து கிடந்தன. ஏசுபாதம் இறங்கித் தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. இடுப்பு உயரம் வந்துவிட்டது. மேஸ்திரி நூல் பிடித்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல்லைப் பெயர்த்த இடத்தில் நின்றபடி சாராள் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள்.

ரவி சுவருக்குப் பின்னால் வந்து நின்றார். "வந்துட்டியா? நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். தோள் உயரம்தான் ஏசு. நின்னு பேசிக்கலாம்."

ஏசுபாதம், தான் பழகிய ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இன்னா காரணம் ரவி?"

"ஹரிப்ரியாவுக்கு ஒரு வரன் வந்திருக்கு. எங்க ஆளுங்கதான், நல்ல குடும்பம். வெள்ளிக்கிழம வீட்டுக்கு வர்றாங்க. பின்னாடி ரெண்டு வீடும் ஒண்ணா இருக்கறதப் பாத்தா கேப்பாங்க, அவங்க யாரு, என்ன உறவுன்னு."

"சிநேகிதன்னு சொல்றது."

"சொல்லலாம். அப்புறம் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க."

மேஸ்திரி கரண்டியைக் கலவைக்குள் விட்டபடி அப்படியே நின்றுவிட்டார். வாய்க்காலில் தண்ணீர்கூட இல்லை. இரண்டு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். ஏசுபாதம் தாண்டவில்லை. கல், செல்லு, வழுக்கல், அக்னி மூலை, பூஜை ரூம் ஜன்னல், திருடன். ஒவ்வொன்றுக்கும் ஓடி ஓடி மருந்து தேடினாரே, அத்தனைக்கும் இது ஒன்றுதான் காரணம். முசிறியில் தன்னை யாரும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை என்பதும், துக்க வீட்டு வேலை மும்முரத்தில் மறந்திருப்பார்கள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனசு எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது, ரவியை நினைத்து அல்ல, தன்னை நினைத்து.

வாசலில் ஹாரன் அடித்த டிரைவர், ஆளைக் காணாமல் பின்பக்கமாக வந்தார். "அண்ணாத்த, பாலத்தை எங்க எறக்கறது?"

ரவி சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, ஏசுபாதம் வீட்டுப் பக்கச் சந்து வழியே வண்டியைப் பார்த்தார். பார்த்தவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. ஏதாவது ஒன்றைச் செய்து சரிக்கட்டிவிட வேண்டும் என்கிற அவசரம் முகத்தில் தெரிந்தது.

"ஐயோ, செஞ்சே கொண்டாந்துட்டியா? வீணாப் போக வேணாம் ஏசு. எங்க தோட்டத்துல மீன் தொட்டி கட்டறோம், அதுக்கு மேல போட்டுக்கலாம். வர்றவங்களுக்கும் பாக்க லட்சணமா இருக்கும். கேட்டை மட்டும் கழட்டிடலாம்."

"போட்டா, நான் வந்து அதுல நடக்கலாமா ரவி?"

"என்ன பேச்சு பேசற! உனக்கு இல்லாததா? எப்ப வேணா வா."

"வெள்ளிக்கெழம?"

ரவி கீழே பார்த்தார். சுவரின் ஈரக் கலவையை விரலால் வழித்தார். "அன்னைக்கு ஒரு நாள் மட்டும், ஏசு…" என்று இழுத்தார்.

அதை அவர் சொல்லி முடிக்கவில்லை. முடிக்கிற வரைக்கும் ஏசுபாதமும் காத்திருக்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பினார்.

"பழைய இரும்புக் கடை தெரியுமா உனுக்கு?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒண்ணு கீது. எதுக்கு?"

"இதை அங்க போட்டுட்டு வா."

"இன்னா அண்ணாத்த வெளாட்றியா? புது சாமான். பெயின்டு வாசனகூடப் போவல."

"போட்டுட்டு வந்து நாஸ்தா சாப்புடு. போ."

டிரைவர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ரவி, "ஏசு, அவசரப்படாத, நாளைக்கு உக்காந்து பேசுவோம்" என்றார். ஏசுபாதம் அவரைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்தார்.

"மேஸ்திரி, அங்க முடிச்சிட்டு நாளைக்கு என் பக்கம் வா. எனுக்கும் ஒரு சுவரு வேணும். ஆள் ஒசரத்துக்கு மேல இருக்கணும்."

ரவிதான் குறுக்கிட்டுக் கேட்டார். "ஒண்ணுக்கு எதுக்கு ரெண்டு சுவரு ஏசு? இதுதான் இருக்கே."

"இது என்னை மறைக்க நீ கட்டறது. உன்னைப் பாக்காம இருக்க எனுக்கு ஒண்ணு வேணும்" என்றார் ஏசுபாதம். சொல்லிவிட்டு, எந்த இடத்தில் அஸ்திவாரம் தோண்ட வேண்டும் என்று காலால் கோடு கிழித்துக் காட்டினார்.